ஓடவும் வேண்டும், உறங்கவும் வேண்டும்

மின்வெட்டைப் பற்றி எழுதுவதென்றால் இந்நாட்டுப் பத்திரிகையாளன் நீர்த்தேக்கங்களின் நீர்மட்டத்தில்தான் தொடங்குவான். காசல்றி, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா என்று மனப்பாடமான ஒரு வரிசை இருக்கிறது. 1996ஆம் ஆண்டு வரட்சியின்போது இளம் நிருபனாக நானும் அந்த வரிசையைத்தான் எழுதினேன். 2001, 2002ஆம் ஆண்டுகளின் மின்வெட்டுக் காலத்திலும் அதையேதான் எழுதினேன். மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய நாங்கள், அது போய்ச் சேரும் இடத்தைப் பற்றி எழுதியது சொற்பம். வீட்டு மேசையில் ஒன்றுமே செய்யாமல் இரைந்துகொண்டிருக்கும் கணினி எவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கிறது என்று எந்த ஆசிரியபீடமும் எங்களிடம் கேட்டதில்லை.

எங்கள் மாத்தளை மாவட்டத்தார் இதைப் பற்றிப் பேசுவதற்கு ஓரளவு உரித்துடையவர்கள் என்பது என் எண்ணம். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்கு வந்து, அங்குள்ள மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டுச் சுது கங்கையில் கலக்கிறது. 1976இல் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. இரண்டு இயந்திரங்கள், மொத்தம் நாற்பது மெகாவாற்றுக்குச் சற்று முன்பின். பெரிய நிலையம் என்று சொல்ல முடியாது. ஆனால் மலையைத் துளைத்து ஆற்றைத் திருப்பித்தான் அந்த நாற்பதையும் பெற வேண்டியிருந்தது என்பதை மறக்கக்கூடாது.

இனி விடயத்துக்கு வருகிறேன். கணினியின் மூளை என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட புரொசசரை, அதைச் செய்தவன் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலாக ஓட்டுவதை ஆங்கிலத்தில் ஓவர்குளொக்கிங் என்கிறார்கள். அதற்கு நேர் எதிரான இன்னொரு கலையும் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் அதே புரொசசரின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கி உறங்க வைப்பது. இரண்டும் ஒரே சில்லில் ஒத்துப்போகுமா என்ற கேள்விக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு கால வரலாறு இருக்கிறது. பொறியியலாளர்கள் எழுத வேண்டிய வரலாறுதான். கலைப்பீடத்துப் பட்டதாரி ஒருவன் இதற்குள் நுழைவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இதில் மின்சுற்று எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வணிகமும் சந்தைத் தந்திரமும் ஏழை மனிதனின் சாமர்த்தியமும் இருக்கின்றன.

1981 ஓகஸ்ற் மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் தனது முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதன் வேகம் 4.77 மெகாஹேர்ட்ஸ். ஏன் ஐந்து இல்லை? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக மலிவாகக் கிடைத்த 14.318 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு ஒன்றை வைத்து, அதன் மீடிறனை மூன்றால் வகுத்தார்கள். வந்தது 4.77. ஒரு யுகத்தின் வேகத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி தீர்மானித்தது என்பதை நினைக்கையில் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

1984இல் வந்த ஐபிஎம் ஏரி கணினியில் 80286 புரொசசர் 6 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதற்குள் இருந்தது 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு. அதைக் கழற்றிவிட்டு 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கொன்றைச் செருகினால் கணினி 8 மெகாஹேர்ட்ஸில் ஓடும். சில டொலர் செலவில் மூன்றிலொரு பங்கு வேகம் கூடுகிறது! ஆட்கள் செய்தார்கள். ஐபிஎம் என்ன செய்தது தெரியுமா? பின்னர் வந்த பயோஸில், கணினி குறித்த வேகத்துக்கு மேல் ஓடுகிறதா என்று சோதித்து, ஓடினால் தொடங்க மறுக்கும் ஒரு காவலை வைத்தது. விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான இழுபறி அன்று தொடங்கியது. இன்றும் ஓயவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த கணினிகளின் முகப்பில் ‘ரேர்போ’ என்றொரு பொத்தான் இருந்ததை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை அழுத்தினால் வேகம் கூடும் என்று நம்பி அழுத்தினோம். உண்மையில் அது வேகத்தைக் குறைப்பதற்காக வைக்கப்பட்டது. பழைய 4.77 மெகாஹேர்ட்ஸ் கணினிக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் புதிய கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிடும். ஆகவே அந்தக் கணினியைப் பழைய வேகத்துக்கு இழுத்துப் பிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. வேகத்தை இறக்குவதற்கு மேசைக் கணினியில் முதன்முதலாகத் தரப்பட்ட சாதனம் இதுவென்று கொள்ளலாம். அதன் நோக்கம் மின்சிக்கனம் அல்ல, அவ்வளவுதான்.

1992இல் இன்ரெல் நிறுவனம் 486 டிஎக்ஸ்2 சில்லை வெளியிட்டது. தாய்ப்பலகை 25 மெகாஹேர்ட்ஸில் ஓட, புரொசசர் மட்டும் உள்ளே 50இல் ஓடியது. ‘பெருக்கெண்’ என்ற சங்கதி பொதுச் சந்தைக்கு வந்தது அப்போதுதான். புரொசசரின் வேகம் என்பது தாய்ப்பலகையின் அடிப்படைத் துடிப்பைப் பெருக்கெண்ணால் பெருக்கக் கிடைப்பது. வாசகர்கள் இந்த ஒரு பெருக்கலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இனி வருவதெல்லாம், இந்த இரண்டு எண்களில் எதைக் கூட்டுவது, எதைப் பூட்டுவது என்ற சண்டைதான்.

அடுத்த ஆண்டு பென்ரியம் வந்தது. அதன் உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவரான இந்தியர் வினோத் தாமைப் ‘பென்ரியத்தின் தந்தை’ என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதி எழுதியே பெயர் நிலைத்துவிட்டது. முதல் பென்ரியம் 5 வோல்ற்றில் ஓடி, தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. தலையில் விசிறி வைத்த புரொசசர்கள் எங்கள் அலுவலகங்களுக்குள் வந்தது அந்தக் காலத்தில்.

சூட்டின் கணக்கைச் சற்றுச் சொல்லிவிட வேண்டும். சில்லுக்குள் உள்ள திரான்சிற்றர்கள் மாறி மாறித் திறந்து மூடும்போது செலவாகும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதத்தில் கூடும். ஆனால் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் கூடும். மீடிறனை 20 வீதம் கூட்ட, அதைத் தாங்குவதற்கென மின்னழுத்தத்தை 1.20 வோல்ற்றிலிருந்து 1.38க்கு, அதாவது 15 வீதம் உயர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வலு கூடுவது 20 வீதமோ 35 வீதமோ அல்ல. 1.2ஐ 1.15இன் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 59 வீதம். ஐந்திலொரு பங்கு வேகத்துக்காக ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட சூடு. இந்த வர்க்கந்தான் ஓவர்குளொக்கிங் வரலாற்றின் வில்லன். இறக்கும் திசையில் பார்த்தால் கதாநாயகனும் அதுவே.

உறக்கத்தின் வரலாறு மடிக்கணினியில் தொடங்குகிறது. பற்றரியில் ஓடுபவனுக்கு மட்டுமே சிக்கனத்தின் அருமை தெரியும் அல்லவா? 1990இல் வந்த இன்ரெல் 386 எஸ்எல் என்ற சில்லு மடிக்கணினிகளுக்கென்றே செய்யப்பட்டது. 1992இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் ‘எனர்ஜி ஸ்ரார்’ முத்திரையைக் கணினிகளுக்கும் திரைகளுக்கும் வழங்கத் தொடங்கியது. இன்ரெல், மைக்ரோசொஃப்ற், தோஷிபா ஆகிய மூன்றும் கூடி 1996 டிசெம்பரில் வெளியிட்ட ‘ஏசிபிஐ’ என்ற நியமந்தான் புரொசசரின் உறக்க நிலைகளுக்கு இலக்கமிட்டது. சி0 என்றால் விழிப்பு. சி1 என்றால் கண்ணயர்வு. இலக்கம் ஏற ஏற உறக்கம் ஆழமாகும், விழித்தெழ எடுக்கும் நேரமும் கூடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அத்தியாயம் உண்டு. வேலை இல்லையேல் நில் என்று புரொசசருக்குச் சொல்லும் கட்டளை ஆதிகாலத்திலிருந்தே இருந்தது. ஆனால் விண்டோஸ் 95 அந்தக் கட்டளையை வழங்கவே இல்லை! வேலை இல்லாத நேரத்திலும் புரொசசர் வெறுமனே வட்டமிட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதே காலத்து விண்டோஸ் என்ரியும் லினக்ஸும் அந்தக் கட்டளையைப் பயன்படுத்தின. இந்தக் குறையை நிரப்ப ‘ரெயின்’, ‘வோட்டர்ஃபோல்’, ‘சிபியுஐடில்’ முதலிய சிறு மென்பொருட்கள் வந்தன. இவற்றைத் தேடிப் போட்டவர்கள் யார்? பெரும்பாலும் ஓவர்குளொக்கிங் செய்தவர்கள்தாம். மின்கட்டணத்துக்காக அல்ல, சில்லின் சூட்டைத் தணிப்பதற்காக. வேகப் பைத்தியங்கள் என்று கருதப்பட்டவர்களே மேசைக் கணினிக்கு உறங்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

1998 ஓகஸ்ற்றில் செலரொன் 300ஏ வந்தது. இந்தத் துறையின் புராணங்களில் முதலிடம் அதற்குத்தான். தாய்ப்பலகைத் துடிப்பு 66, பெருக்கெண் 4.5, வேகம் 300 மெகாஹேர்ட்ஸ். அப்போது சில வணிகர்கள் மெதுவான சில்லின் மேலெழுத்தை அழித்து வேகமான சில்லென்று விற்றுவந்தார்கள் என்பதால் பெருக்கெண்ணை இன்ரெல் பூட்டிவைத்திருந்தது. ஆனால் துடிப்பைப் பூட்டவில்லை. ‘அபிற்’ என்ற தைவான் நிறுவனத்தின் பிஎச்6 தாய்ப்பலகையில் ஒரு தெரிவை மாற்றித் துடிப்பை 66இலிருந்து 100க்கு ஏற்றினால், 100ஐ 4.5ஆல் பெருக்க 450 மெகாஹேர்ட்ஸ். மின்னழுத்தத்தைக்கூடக் கூட்டத் தேவையில்லை என்ற அளவுக்குப் பல சில்லுகள் இணங்கிப்போயின. அதே நாட்களில் வந்த 450 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் 2இன் விலையில் நாலிலொரு பங்குகூட இல்லாத சில்லு இது. ஏழையின் வெற்றி என்றால் இதுதான். 2000ஆம் ஆண்டில் ஏஎம்டியின் சில அத்லொன், டுரொன் சில்லுகளின் முதுகில் அறுக்கப்பட்டிருந்த சிறு இணைப்புகளைச் சாதாரண பென்சிலால் தீட்டி ஒட்டவைத்துப் பெருக்கெண் பூட்டைத் திறந்தார்கள். பென்சில் முனையின் காரீயம் மின்கடத்தி அல்லவா!

அந்த 2000ஆம் ஆண்டிலேயே மறுபக்கத்திலும் அசைவு தெரிந்தது. மடிக்கணினிகளுக்கு இன்ரெல் ‘ஸ்பீட்ஸ்ரெப்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஏஎம்டி தன் பங்குக்கு ‘பவர்நவ்’ என்றது. வேலைக்கேற்ப வேகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே ஏற்றி இறக்குவதுதான் இவற்றின் சாரம். மேசைக் கணினிக்கு அதை முதலில் ஒழுங்காகக் கொண்டுவந்தது ஏஎம்டி. 2003 செப்ரெம்பரில் வந்த அத்லொன் 64 சில்லோடு ‘கூல் அன்ட் குவயற்’ வந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் வீடு, அலுவலகம் என்ற வழமையான மின்திட்டத்தை விட்டுவிட்டு ‘குறைந்தபட்ச மின் முகாமைத்துவம்’ என்பதைத் தெரிவுசெய்தால்தான் அது இயங்கும். எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? உறங்கத் தெரிந்த எத்தனையோ சில்லுகள் இந்த ஒரு தெரிவின் காரணமாக ஆண்டுக்கணக்கில் உறங்காமலே ஓடின.

இன்ரெலுக்குப் புத்தி வந்தது அடிபட்ட பின்னர்தான். 2004 பெப்ரவரியில் வந்த ‘பிரெஸ்கொற்’ பென்ரியம் 4 அடுப்புப்போலச் சூடேறியது. திரான்சிற்றர்கள் சிறிதாகச் சிறிதாக, அவை மூடியிருக்கும்போதே மின்னோட்டம் கசியத் தொடங்கியிருந்தது. ஐபிஎம்மின் ரொபர்ட் டெனார்ட் 1974இல் வகுத்துச்சொன்ன கணக்கின்படி, சிறிதாக்கினால் மின்னழுத்தமும் இறங்கி வலுவடர்த்தி அப்படியே இருக்க வேண்டும். அந்தக் கணக்கு இங்கே கைவிட்டது. அடுத்து வரவிருந்த ‘தேஹாஸ்’ சில்லு அவ்வாண்டு மே மாதம் கைவிடப்பட்டது. ஒக்ரோபரில் 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4உம் இல்லையென்றாயிற்று. இன்ரெலின் தலைமை அதிகாரி கிரேக் பரட் ஒரு மாநாட்டு மேடையில், பாதி வேடிக்கையாக, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். வேகத்தை விற்றே வளர்ந்த நிறுவனம் ஒன்று மண்டியிட்ட காட்சி அது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் மடிக்கணினிக்கென உருவான சில்லின் வழிவந்த கோர் 2 வரிசை 2006இல் மேசைக்கு ஏறியது. பற்றரிக்காகப் பிறந்த சிக்கனம் மேசையை ஆளத் தொடங்கியது.

நமது கேள்வி சூடுபிடிப்பது இந்தக் கோர் 2 காலத்தில்தான். ஈ6600 என்ற சில்லை எடுத்துக்கொள்வோம். 266ஐ 9ஆல் பெருக்க 2.4 கிகாஹேர்ட்ஸ். துடிப்பை 400க்கு ஏற்றினால் 3.6. சரி, உறங்கும்போது? ஸ்பீட்ஸ்ரெப் பெருக்கெண்ணைத்தான் இறக்கும், துடிப்பை அல்ல. மிகக் குறைந்த பெருக்கெண் 6. 400ஐ 6ஆல் பெருக்கினால் வருவது மீண்டும் 2.4! அதாவது தொழிற்சாலை முழுவேகம் என்று குறித்து விற்ற அதே வேகத்தில்தான் இந்தச் சில்லு ‘உறங்குகிறது’. அதைவிட மோசமானது மின்னழுத்தம். பயோஸில் ஒரு மின்னழுத்தத்தைக் கையால் எழுதிவைத்துவிட்டால், பல தாய்ப்பலகைகளில் சில்லின் சொந்தக் கோரிக்கை செல்லாது. பெருக்கெண் இறங்கும், மின்னழுத்தம் இறங்காது. 1.0 வோல்ற்றில் கிடக்க வேண்டிய சில்லு 1.38இல் கிடந்தால், அதே மீடிறனுக்கு ஏறத்தாழ இருமடங்கு வலு வீண். அக்காலத்து வழிகாட்டிகளில் அநேகமாக முதலாவது அறிவுரை, ‘ஸ்பீட்ஸ்ரெப்பையும் சி1ஈயையும் நிறுத்திவிடுக’ என்பதே. உறுதிநிலையைச் சோதிக்கும்போது குழப்பம் வேண்டாம் என்பது காரணம். சோதனை முடிந்த பிறகு மீண்டும் இயக்குங்கள் என்ற இரண்டாம் வரியைப் பலர் எழுத மறந்தார்கள். சிலர் எழுதினார்கள், அதை வாசித்தவர்கள் மறந்தார்கள்.

பெரிய திருப்பம் 2008 நவம்பரில் வந்த கோர் ஐ7 வரிசை. இதன் மின் முகாமைத்துவத்தை முன்னின்று விளக்கிய இன்ரெல் பொறியியலாளர் ராஜேஷ் குமார், புரொசசருக்குள்ளேயே வலுவைக் கட்டுப்படுத்தவென ஒரு சிறு புரொசசர் வைத்திருப்பதாகவும் அதற்கு மாத்திரம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட திரான்சிற்றர்கள் ஒதுக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். ஒரு காலத்தில் 486 என்ற முழுச் சில்லுக்கும் இருந்த தொகை அது! ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனி மடை. வேலை இல்லாத கருவின் மடையை மூடினால் கசிவும் நின்றுவிடும். வயல் செய்பவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (அதே ஆண்டு செப்ரெம்பரில் பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட ஆறு கருக்கொண்ட ஸியொன் 7400 சில்லும் வெளிவந்தது என்பதை நம் அயலவரின் சாதனையாகக் குறித்துவைக்கலாம்.)

இந்த மடைகள் வந்தபின் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ‘ரேர்போ பூஸ்ற்’ என்ற பெயரில் சில்லு தன்னைத்தானே ஓவர்குளொக்கிங் செய்யத் தொடங்கியது. மூன்று கருக்கள் உறங்கினால் அவற்றுக்குரிய வலுவை நான்காவது எடுத்துக்கொண்டு வேகமாக ஓடும். ஆகவே உறக்க நிலைகளை நிறுத்திவைத்தால் அந்த உச்ச வேகம் கிட்டாது. பழைய வழிகாட்டியை மனப்பாடம் செய்தவர்கள் உறக்கத்தை நிறுத்தி, தாம் தேடிய வேகத்தையே இழந்தார்கள்.

2011 ஜனவரியில் வந்த ‘சாண்டி பிரிட்ஜ்’ சில்லுகளில் அடிப்படைத் துடிப்பு ஏனைய எல்லாப் பகுதிகளோடும் பிணைக்கப்பட்டது. நூறிலிருந்து நாலைந்து வீதம் ஏற்றினாலே தடுமாறும். கே என்ற எழுத்துக்கொண்ட சில்லுகளில் மட்டும் பெருக்கெண் திறந்துவிடப்பட்டது. சுதந்திரத்துக்கு மேலதிக விலை! இதைக் கொள்ளை என்று திட்டியவர்களோடு எனக்கு உடன்பாடுண்டு. ஆனாலும் நமது கேள்விக்கு இதுவே நல்ல விடையாக அமைந்தது. 2500கே சில்லைப் பெருக்கெண் 45இல் 4.5 கிகாஹேர்ட்ஸுக்கு ஏற்றினாலும், வேலை ஓய்ந்ததும் அது 16க்கு, அதாவது 1.6 கிகாஹேர்ட்ஸுக்கு, இறங்கிவிடும். மின்னழுத்தத்தை நிலையான எண்ணாக எழுதாமல், சில்லு கேட்பதற்கு மேல் இவ்வளவு கூட்டு என்று எழுதினால், இறங்கும்போது மின்னழுத்தமும் கூடவே இறங்கும். ஓடவும் செய்தது, உறங்கவும் செய்தது. என்னைக் கேட்டால் அந்தச் சில்லைத்தான் இக்கலையின் பொற்காலம் என்பேன்.

இதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. யட்டவத்தயில் இருக்கும் என் தங்கையின் மகன் திருமண, பூப்புனித நீராட்டு விழா வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்துப் பிழைப்பவன். 2022இல் அவனிடம் இருந்தது பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பழையதாக வாங்கிய 2500கே பொருத்திய கணினி. அவ்வாண்டு மார்ச்சில் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி மே மாதத்தில் முந்நூற்றறுபதை எட்டியது. புதிய புரொசசர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. இரண்டு கட்டாயங்கள் அவன் கழுத்தை நெரித்தன. மின்சாரம் இருக்கும் சில மணித்தியாலங்களுக்குள் முழு வீடியோவும் உருவாகி முடிய வேண்டும், ஆகவே வேகம் வேண்டும். மின்சாரம் போனபின் யூபிஎஸ் பற்றரியில் உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டும், ஆகவே சிக்கனமும் வேண்டும்.

“மாமா, வேகத்த கூட்டுனா பெட்டரி தாங்காது, பெட்டரிய பாத்தா கலியாண வீட்டுக்காரங்க தாங்க மாட்டாங்க” என்றான்.

எந்தக் கருத்தரங்கிலும் இந்தப் பிரச்சினையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெருக்கெண்ணை 42இல் நிறுத்தி, மின்னழுத்தத்தைக் கூட்டல் முறையில் வைத்து, உறக்க நிலைகள் எல்லாவற்றையும் இயக்கிவிட்டான். 45க்குப் போயிருக்கலாம். அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் வலு ஏறும் என்பதால் போகவில்லை. அந்த வைகாசி, ஆனி முகூர்த்தங்களின் வேலைகளை ஒன்றும் தவறாமல் கொடுத்து முடித்தான்.

மின்பட்டியலிலும் இது சில்லறை விடயமல்ல. உறங்கவிடாத கணினி 30 வாற்றை மேலதிகமாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு எட்டு மணித்தியாலம், மாதம் முப்பது நாள் என்றால் 7.2 அலகு. இலங்கை வீட்டுக் கட்டணம் படிமுறையானது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டண வரிசைக்குப் போய்விடும். அந்த எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு ஏழு அலகு என்பது ஏழு அலகின் விலை மட்டுமல்ல. 2022 ஓகஸ்ற்றில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறிய நாட்களில் இதை எழுதி விளக்க அவசியமிருக்கவில்லை.

சாண்டி பிரிட்ஜுக்குப் பிந்திய கதை இத்தனை இனிமையானதல்ல. 2013இல் வந்த ‘ஹஸ்வெல்’ சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பமாகி, பழைய மின்வழங்கிகள் கணினியே இல்லையென்று எண்ணி நின்றுவிடக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. தாய்ப்பலகை நிறுவனங்கள் பல முன்னெச்சரிக்கையாக அந்த உறக்கத்தை நிறுத்தியே விற்றன. 2015 டிசெம்பரில் ‘ஸ்கைலேக்’ சில்லுகளில் இன்னொரு வேடிக்கை. கே எழுத்தில்லாத மலிவுச் சில்லுகளின் துடிப்பையும் ஏற்ற வழி கண்டுபிடித்தார்கள். 2.7 கிகாஹேர்ட்ஸ் ஐ5 6400இன் பெருக்கெண் 27. துடிப்பை 165க்கு ஏற்றினால் 4.4க்கு மேல். செலரொன் 300ஏ மறுபிறப்பெடுத்தது போன்ற குதூகலம்! ஆனால் அதற்கு உறக்க நிலைகளையும் ஸ்பீட்ஸ்ரெப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வெப்பநிலைகூடச் சரியாகத் தெரியாது. முழுநேரமும் முழு வேகம், முழு மின்னழுத்தம். மலிவுச் சில்லு வாங்கியவன் மின்கட்டணத்தில் கட்டினான். சில வாரங்களுக்குள், 2016 தொடக்கத்திலேயே, புதிய பயோஸ்கள் மூலம் அந்த வாசலும் மூடப்பட்டது.

ஏஎம்டியின் ரைசன் சில்லுகள் 2017இல் வந்தபோது எல்லாவற்றிலும் பெருக்கெண் திறந்திருந்தது. ஆயினும் கையால் ஒரே வேகத்தில் கட்டிவைத்தால், ஒரு கரு தானாக எட்டக்கூடிய உச்சத்தை இழக்க நேரும். 2020இன் இறுதியில் ரைசன் 5000 வரிசையோடு வந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு கருவுக்கும் மின்னழுத்தத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று தேடிக் கொடுத்தால், மிச்சமாகும் சூட்டைச் சில்லு வேகமாக மாற்றிக்கொள்ளும். கூட்டி ஓட்டிய கலை, குறைத்து ஓட்டும் கலையாயிற்று. திரவ ஹீலியத்தை ஊற்றி 2011இல் ஏஎம்டி எஃப்எக்ஸ் சில்லை 8.429 கிகாஹேர்ட்ஸுக்கு ஏற்றிக் கின்னஸில் இடம்பிடித்தது போன்ற சாகசங்கள் தொடர்கின்றன. அவற்றுக்கும் வீட்டுக் கணினிக்கும் உள்ள தொடர்பு, மலையுச்சியில் கொடி நாட்டுவதற்கும் மலையில் குடியிருப்பதற்கும் உள்ள தொடர்புதான்.

அண்மைய அத்தியாயம் இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் சில்லுகள். உயர்விலைச் சில்லுகள் பல, தொழிற்சாலை நிர்ணயித்த அமைப்பிலேயே, ஓவர்குளொக்கிங் எதுவும் செய்யப்படாத நிலையிலேயே, தடுமாறத் தொடங்கின. 2024இல் பல மாத விசாரணைக்குப் பிறகு இன்ரெல் காரணங்களை வெளியிட்டது. மிகை மின்னழுத்தத்தால் சில்லின் ஒரு பகுதி காலப்போக்கில் தேய்ந்துபோகிறது. அந்த மிகையைக் கோரியவற்றுள் ஒன்று சில்லின் சொந்த நுண்நிரல். அது கோரிய வேளை? முழுப்பாரம் சுமந்தபோது அல்ல. ஓய்விலும் இலேசான வேலையிலும் இருந்தபோது! உறக்கத்தின் விளிம்பில், சில்லு தனக்குத் தேவையற்ற மின்னழுத்தத்தைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறது. அவ்வாண்டு செப்ரெம்பரில் அதைத் திருத்தும் நுண்நிரல் தாய்ப்பலகை நிறுவனங்களின் பயோஸ் வழியாக வந்தது. பாதிக்கப்பட்ட வரிசைகளுக்கு உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்துபோன சில்லைத் திருத்த நுண்நிரலால் இயலாது, மாற்றித்தான் பெற வேண்டும். அந்த வரிசைக் கணினியைப் பழையதாக வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், 2024 செப்ரெம்பருக்குப் பிந்திய பயோஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்றும் அதற்கு முன் எவ்வளவு காலம் ஓடியது என்றும் கேட்டுவிட்டே காசைக் கொடுங்கள்.